பதினேழாம் எண் செட்

திருடினேன் என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்து மூக்கில் விரல் வைக்க நான் இடம் கொடுக்கப் போவதில்லை. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வைட்டிலாவில் நான் வேலை பார்க்கும் கண்ட்ரோல் அறையிலிருந்து பதினேழாம் எண் ஒயர்லெஸ் செட் என் கைப்பைக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் கிடந்தது. வந்தது தவறுதலாக. திரும்பிப் போகாதது தவறுதலாக அல்ல.

என் பெயர் ஜெயலக்ஷ்மி. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தோரு வருஷமாக ஒயர்லெஸ் ஆபரேட்டர். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், மீட்புப் படகு, பேரிடர்த் தொண்டர்கள் என்று எல்லாரும் பேசுகிற சேனலை நாங்கள்தான் கவனிக்கிறோம். ஒருவர் சொல்வதை எழுதிக்கொண்டு இன்னொருவருக்குச் சொல்வது வேலை. வீடு மட்டாஞ்சேரியில், கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி. தாத்தாவின் அப்பா பாலக்காட்டிலிருந்து வந்து வாங்கிய வீடு. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார்கள். தங்கை மாதுரி மஸ்கட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் வைத்துவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் நான் அரிசி உப்புமா கிளறிக்கொண்டிருந்தபோது கைப்பை பேசியது. "பதினொண்ணு, தோப்பும்படி, நாலு பேர்." என் சமையலறையில் என்னைத் தவிர இன்னொரு குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. உப்புமா அடிப்பிடித்தது.

அது ரோல் கால் நேரம். ரோல் கால் ஒன்றும் பெரிய வித்தையில்லை. சாதாரண நாளில் ஷிஃப்டுக்கு இரண்டு தடவை, மழை வெள்ள நாளில் மணிக்கு ஒரு தடவை, கண்ட்ரோலில் இருப்பவர் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: தன் எண், இருக்கும் இடம், எத்தனை ஆள். கண்ட்ரோல் அதை அப்படியே திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்ளும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் தேடுவதற்கு ஆள் அனுப்ப வேண்டும். அதுதான் சட்டம். இப்படி ஓர் ஏற்பாடு எல்லா மனுஷர்களுக்கும் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும். போன வருஷம் காய்ச்சலில் மூன்று நாள் கதவைத் திறக்காமல் கிடந்தேன். வாசலில் பால் பாக்கெட் மட்டும் மூன்று சேர்ந்திருந்தது.

திங்கட்கிழமை ரெஜிஸ்டரை எடுத்து, "17: பட்டன் கோளாறு. பழுதுபார்க்க அனுப்பியது" என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அழகான கையெழுத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. அன்றிலிருந்து ரோல் காலில் பதினாறுக்கு அடுத்து பதினெட்டுதான். விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது அந்த இடம் வந்தால் கொஞ்சம் குத்தும். நானே என் கையால் எழுதியது, யாரைப் போய்க் குறை சொல்வது.

செட் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜரோடு இருக்கும். சத்தம் குறைவாக வைத்திருப்பேன். ஆறாம் எண் வண்டிக்குத் தலைவர் பாண்டித்துரை, பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். ஒன்பதாம் எண் செட் தீயணைப்புக்காரர் ரமேஷ்பாபுவிடமும், அவருடன் போகும் தொண்டர் இசக்கிராஜாவிடமும் இருக்கும். இசக்கிராஜா சங்கரன்கோவில் பக்கத்து ஆள். மட்டாஞ்சேரி சந்தையில் மூட்டை தூக்குகிறவர், வெள்ள நாளில் மீட்பு வேலைக்கு வந்துவிடுவார். ஒயர்லெஸ்ஸில் எல்லாரும் மலையாளத்தில்தான் பேசுவார்கள், அவருடைய மலையாளத்தில் மட்டும் திருநெல்வேலி எட்டிப் பார்க்கும். "ஒன்பது, சாயா குடிச்சிட்டு வரோம்" என்று அவர் சொன்னால் நானும் அடுப்பில் பால் வைப்பேன். இவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஒட்டுக் கேட்கிறாள் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

ஜூலையில் இரண்டாம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வியாழனிலிருந்து விடாத மழை, போதாததற்குக் கடலும் ஏறியிருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். கண்ட்ரோலில் ஸாதனா இருந்தாள். இருபத்தேழு வயசு, வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், பேசுவாளே தவிர தமிழ் எழுத்து ஓடாது. காலை பதினொரு மணி ரோல் கால் ஆரம்பித்தது.

"ஆறு," என்று கூப்பிட்டாள்.

பாண்டித்துரை செருமினார். "ஆறு, பஜார் ரோடு, நாலு பேர். ஒன்பதும் இங்கதான் உண்டு. ரெண்டு பேர்."

ஸாதனா அப்படியே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருக்கிற குழுவுக்கும் சேர்த்து ஒருவரே சொல்லிவிடுவது எங்கள் வேலையில் எல்லாரும் செய்வது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் சேர்த்து 'உள்ளேன் ஐயா' சொல்வது போலத்தான். சட்டப்படி கூடாது. ஆனால் மழையில் நனைந்துகொண்டு நிற்பவரிடம் சட்டம் பேச யாருக்கு மனசு வரும்? நானே நூறு தடவை அப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் ஆறாம் எண் வண்டி வெள்ளத்தில் மாட்டிய குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தோப்பும்படி முகாமுக்குக் கிளம்பியது.

பதினொன்று இருபதுக்கு ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு குரல் வந்தது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. இரைச்சலுக்கு நடுவில், "ஒன்பது... கண்ட்ரோல்... ஒன்பது."

ஸாதனா பதில் சொல்லவில்லை. அவள் இடக்கொச்சிப் படகோடு பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி, "கண்ட்ரோல், ஒன்பது." பதில் இல்லை. மூன்றாவது தடவை மலையாளத்தை விட்டுவிட்டுத் தமிழில், "யாராச்சும் கேக்கியளா?"

எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் செட். அதன் குரலுக்கு வைட்டிலா கண்ட்ரோல் வரை போகத் தெம்பில்லை, தோப்பும்படி போய்விட்ட வண்டிக்கும் எட்டாது. பஜார் ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற எனக்கு மட்டும் கேட்கிறது. அவர்கள் ஆறாம் எண்ணோடு இல்லை. இருக்கிறார்கள் என்று எழுதியாகிவிட்டது, அதனால் இனி பன்னிரண்டு மணிவரை யாரும் தேடப் போவதில்லை.

மொபைலை எடுத்து கண்ட்ரோலைக் கூப்பிட்டேன். வெள்ள நாளில் அந்த லைன் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. டியூட்டியில் இருப்பவரின் மொபைல் லாக்கரில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம், ஸாதனா சட்டத்தை மதிக்கிறவள். நான் மொபைலைக் கீழே வைத்துவிட்டு செட்டைப் பார்த்தேன். பட்டனை அமுக்கினால் என் வேலை போகும். இன்னும் ஆறு வருஷ சர்வீஸ், பென்ஷன், என் பெயர், எல்லாம். அமுக்காவிட்டால் இரண்டு பேர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நான் யோசித்தேன். ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

அமுக்கினேன். "கண்ட்ரோல், இது பதினேழு. ஒன்பதுக்காகப் பேசறேன். ஓவர்."

"பதினேழு ரிப்பேர்ல இருக்கு," என்றாள் ஸாதனா. குரல் கறாராக இருந்தது. "பேசறது யாரு?"

கணக்கில் இல்லாத செட்டுக்குப் பதில் சொல்லக் கூடாது. காணாமல்போன செட்டை வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்கள் உண்டு. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். காற்றில் பெயர் சொல்லக் கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

"ஸாதனா, நான் ஜெயலக்ஷ்மியாக்கும். செட் என் வீட்டுல இருக்கு. அதை அப்புறம் பேசிக்கலாம். ஒன்பது ஆறோட இல்லை. அவா எங்கேயோ மாட்டிண்டிருக்கா. பேட்டரி இல்லை, உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்கறது."

மாவட்டம் முழுக்க எல்லா செட்டிலும் அது போயிருக்கும். எத்தனையோ பேர் எங்கெங்கோ நனைந்துகொண்டு அதைக் கேட்டிருப்பார்கள்.

"பதினேழு, சொல்லுங்கோ," என்றாள் ஸாதனா. "ஓவர்."

நான் ஒன்பதைக் கூப்பிட்டு எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். இசக்கிராஜா துண்டு துண்டாகச் சொன்னார். பஜார் ரோட்டில் பழைய சுக்கு கோடவுன். உள்ளே யாரோ இருப்பதாக ஒருவர் சொன்னதைக் கேட்டு இவர்கள் போயிருக்கிறார்கள். யாருமில்லை. திரும்பும்போது முன்பக்கச் சுவர் சரிந்து வாசல் அடைத்துவிட்டது.

"சேட்டன் காலு உத்திரத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு யக்கா. வெள்ளம் இடுப்புக்கு வந்துட்டு. அவரு உக்காந்துருக்காரு, அவருக்கு நெஞ்சுக்கு வந்துட்டு."

சேட்டன் என்றது ரமேஷ்பாபுவை. பஜார் ரோட்டில் சுக்கு கோடவுன் நான்கு இருக்கின்றன. "கதவு என்ன கலர்?" என்று கேட்டேன். பச்சை என்றார். பச்சைக் கதவு கோடவுனுக்குப் பின்வாசல் உண்டு, அது நேராகக் கால்வாயில் திறக்கும். அந்தக் காலத்தில் தோணியில் மூட்டை இறக்கிய படி. தினமும் படகுத் துறைக்கு நடந்து போகிறவளுக்கு இது தெரியாமல் என்ன. கண்ட்ரோலில் இருந்த வரைபடத்தில் அது இல்லை.

"கண்ட்ரோல், முன்னாலே போகப்படாது, சுவர் இன்னும் சரியும். கால்வாய் வழியா படகு அனுப்பு. பச்சைப் பின்கதவு."

ஸாதனா திருப்பிச் சொன்னாள். படகு வர அரை மணி நேரமாகும் என்றாள். பாண்டித்துரையின் குரல் குறுக்கே வந்தது. "ஆறு திரும்பறோம்." அவர் செருமவில்லை.

நான் இசக்கிராஜாவிடம் சொன்னேன். "இனிமே பேசாதீங்கோ. பேசினா பேட்டரி போயிடும், கேக்கறதுக்கு அவ்வளவு செலவாகாது. நான் கேக்கறபோது பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்கோ. அது போறும்."

க்ளிக், க்ளிக். பேசாதே என்று சொன்ன பிறகும் பேசினார். "யக்கா, நீங்க பேசிட்டே இரிங்க. ஒரே இருட்டா கெடக்கு. சேட்டன் கண்ண மூடுதாரு."

ஸாதனாவுக்கு அது கேட்கவில்லை, நான்தான் எடுத்துச் சொன்னேன். அவள் உடனே அறிவித்தாள். "எல்லா யூனிட்டும் இரண்டாம் சேனலுக்குப் போகவும். ஒன்றாம் சேனலில் பதினேழும் ஒன்பதும் மீட்புப் படகும் ஆறும் மட்டும்." அந்தப் பெண்ணுக்கு மூளை இருக்கிறது.

ஆக, சேனல் எனக்கு. இருபத்தோரு வருஷமாக இந்த மைக்கில் இடம், எண், நேரம், ஓவர் தவிர எதுவும் பேசினதில்லை. வீட்டிலோ பேச ஆளில்லை. இப்போது பேசு என்கிறார்கள், ஒரு வார்த்தை வரவில்லை. கையில் அவரைக்காய் இருந்தது.

"இன்னிக்கு அவரைக்காய் சாம்பார்," என்றேன். "தேங்காய் இல்லை. கடை வரைக்கும் நீந்திண்டு போகணும். ரமேஷ்பாபு சாரை எழுப்பு. சாம்பார் பிடிக்குமான்னு கேளு."

க்ளிக், க்ளிக்.

அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாததைச் சொன்னேன். மாதுரியின் குக்கரைச் சொன்னேன். எதிர்வீட்டில் ஒரு வருஷமாக ஆளில்லை, அவர்கள் விட்டுப்போன செம்பருத்திக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன் என்றேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "இருக்கியா?" என்று கேட்டேன். எப்போது 'நீங்கோ' போய் 'நீ' வந்தது என்று தெரியவில்லை. க்ளிக், க்ளிக்.

"இந்த வீட்டுல நான் ஒருத்திதான்," என்றேன். "உங்க எல்லார் குரலும் எனக்குத் தெரியும், கேட்டயோ. நீ சாயா குடிக்கப் போறேன்னு சொன்னா நானும் இங்கே சாயா போட்டுக் குடிப்பேன். ரோல் கால் கேக்கறதுக்குத்தான் இதை எடுத்துண்டு வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்லை. சும்மா இருந்தா வீடு ரொம்ப சும்மா இருக்கு."

க்ளிக், க்ளிக். உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான க்ளிக் அது. நான் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன், யாருக்கும் நஷ்டமில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு, "இருக்கியா?" என்றேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி கேட்டேன். சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. ஆள் போய்விட்டதா, பேட்டரி போய்விட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தடவை பெயர் சொல்லியே கூப்பிட்டேன். "இசக்கிராஜா. இருக்கியாப்பா?"

ஒரே ஒரு க்ளிக். பாதி க்ளிக் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் அதற்கு மேலும் பேசிக்கொண்டேதான் இருந்தேன், கேட்கிறதா இல்லையா என்று தெரியாமல். பன்னிரண்டு பத்துக்குப் படகின் குரல் வந்தது. பச்சைக் கதவை உடைத்துவிட்டார்கள். பாண்டித்துரையும் ஆட்களும் அதே வழியில் உள்ளே இறங்கினார்கள். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அவர் சேனலில் வந்தார். "கண்ட்ரோல், ஒன்பது வெளியே. ரெண்டு பேர். ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி நிக்கறாங்க. இல்ல, ரமேஷ்பாபு படுத்திருக்கார். கால் ஒடிஞ்சிருக்கு, பேச்சு இருக்கு. நான் எண்ணிட்டேன்."

ஸாதனா திருப்பிச் சொன்னாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எல்லாரையும் ஒன்றாம் சேனலுக்குத் திரும்பச் சொன்னாள். இடக்கொச்சியில் மரம் விழுந்தது, அங்கே ஆள் போனது. சேனல் தன் பாட்டுக்குப் போய்விட்டது. பதினேழைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இசக்கிராஜாவின் செட்டில் பேட்டரி இல்லை. அடுப்பில் பருப்பு வெந்து குழைந்து கரியாகியிருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மொபைலில் செய்தி வந்தது. எங்கள் அதிகாரி அனந்தநாராயணன். 'செட்டை உடனே அணைத்து வைக்கவும். திங்கள் காலை பத்து மணிக்குச் செட்டோடு என் முன்னால் இருக்க வேண்டும்.' கெட்ட மனுஷர் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் எழுதியிருப்பேன், இன்னும் அழகான கையெழுத்தில்.

செட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மணி ஒன்றாக இரண்டு நிமிஷம். ஒரே ஒரு ரோல் கால், இதை மட்டும் கேட்டுவிட்டு அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். உடனே என்றால் உடனேதான், தெரியும். அழுகை வந்தது. வேலைக்காக அழவில்லை. திங்கட்கிழமைக்கு அப்புறம் இந்தச் சமையலறையில் என்ன சத்தம் கேட்கும் என்று நினைத்துத்தான் அழுதேன்.

ஒரு மணி. ஸாதனா ஆரம்பித்தாள். ஆறு, தோப்பும்படி, நாலு பேர். வேறு யாருக்கும் சேர்த்துச் சொல்லவில்லை. ஒன்பது, ஆம்புலன்ஸில், இரண்டு பேர், அதை ஆம்புலன்ஸ்காரரின் செட்டிலிருந்து இசக்கிராஜாவே சொன்னார். பதினொன்று. பதினான்கு. பதினாறு, படகுத் துறை, ஐந்து பேர்.

பதினெட்டுக்காகக் காத்திருந்தேன். ஸாதனா நிறுத்தினாள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பதினேழு," என்றாள்.

அவள் அதை ரெஜிஸ்டரில் எழுதினால் செட் என்னிடம் இருந்ததற்கு எழுத்தில் சாட்சி. அவளுக்கும் தெரியும். ஆனால் இயங்குகிற எந்த செட்டையும் எண்ணாமல் விடக் கூடாது என்பதும் சட்டம்.

"பதினேழு," என்றாள் மறுபடி.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். இதற்கும் பதில் சொல்லாவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும். ஒரு நொடி, அப்படியே பேசாமல் இருந்துவிடலாமா என்று ஆசை வந்தது. மழையில் நனைந்த யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். ஆனால் வெளியே அவர்களுக்கு வேலை கிடக்கிறது.

பட்டனை அமுக்கினேன். "பதினேழு," என்றேன். "மட்டாஞ்சேரி."

மூன்றாவது விஷயம் பாக்கி இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை மற்றவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

"ஒரு ஆள்."

"பதினேழு, மட்டாஞ்சேரி, ஒரு ஆள்," என்று ஸாதனா திருப்பிச் சொன்னாள். பேனா ஓடும் நேரம் காத்திருந்தாள். பிறகு பதினெட்டைக் கூப்பிட்டாள்.